நான்கு காலேஜ்களுக்கு ஒரு விருந்து

யுத்த காலத்தில் நான் இலுப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் கீரனூர். அங்கிருந்து திருச்சிக்குப் போய், பாதிரிமார் நடத்திய கல்லூரி ஒன்றில் பி.ஏ. படித்துத் தேறியவன். தேறியது உண்மை. எத்தனையாவது தடவையில் தேறினேன் என்று இலுப்பூரில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பட்டம் வாங்கியவர்கள் அந்த ஊரில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். கடைத்தெருவில் நான் நடந்து போனால் இரண்டு பேராவது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடுகளை என் கல்லூரியின் சார்பில் நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு சித்திரைக் கடைசியில் மண்டிக்கார ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நெல்லும் கடலையும் வாங்கி விற்கிற பெரிய மண்டி அவருடையது. தமிழில் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத்து வேலை எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். பேச்சு மெதுவாக வரும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொல்ல நினைத்து வந்தவனுக்கு அந்தப் பார்வை தொந்தரவாக இருக்கும்.

அவருக்கு ஒரே மகன். திருச்சியில் பி.ஏ.வுக்கு முந்தின இண்டர்மீடியட் இரண்டு வருஷத்தையும் முடித்து, கடைசிப் பரீட்சையும் எழுதிவிட்டு ஊருக்கு வந்திருந்தான். ஆனியில் அவனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதுதான் ராவுத்தரின் யோசனை. ஊரில் விசாரித்திருக்கிறார். ஒருவர் சென்னை என்றாராம், ஒருவர் காசி என்றாராம், இன்னொருவர் சிதம்பரம் என்றாராம். புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் சீமைக்கே அனுப்பிவிடச் சொன்னாராம். கப்பல் போகிற கடலில் குண்டு போடுகிறார்களே என்று இவர் கேட்டதற்கு, படிப்பென்றால் சில சங்கடங்கள் இருக்கத்தான் செய்யும் என்றாராம்.

"செலவைப் பத்தி ஒண்ணுமில்லீங்க வாத்தியாரே. எது ஒசந்த காலேஜுன்னு எனக்குத் தெரியணும். ரெண்டாந்தரத்தை வாங்கிட்டு வந்து, மொதத்தரம்னு நெனைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கக் கூடாது பாருங்க."

ரெண்டாந்தரம் என்ற சொல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள், எழுதிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன்.

அந்த ஒரு வாரமும் நான் பட்ட பாடு சாதாரணமல்ல. விவரம் கேட்டுக் கல்லூரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டேன். முழுநீளக் காகிதங்களை ஒட்டி, கோடு போட்டு, கட்டம் கட்டினேன். மேலே கல்லூரிகளின் ஊர். பக்கவாட்டில் புகழ், பழமை, பேராசிரியர்கள், பாடங்கள், சாப்பாடு, தண்ணீர் வசதி. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண். சரித்திரத்துக்கு எது சிறந்தது, கணக்குக்கு எது, இங்கிலீஷுக்கு எது என்று தனியாக ஒரு பக்கம். என் கல்லூரியைப் பற்றி எழுத ஆரம்பித்தபோது கட்டத்துக்குள் அடங்கவில்லை. தனித்தாள் இணைத்தேன். அது மூன்று பக்கம் ஓடியது. காசிக்கு ஆறு வரி கொடுத்தேன்.

ராவுத்தர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நான் படித்து முடித்ததும், இந்த ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறேனா என்று கேட்டார். திருச்சியில் படித்தேன், மற்ற ஊர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

"அப்ப சென்னைப்பட்டணத்துக்கு எழுவதுன்னு எப்படிப் போட்டீங்க?"

நான் தாளைப் புரட்டினேன். என் கல்லூரிக்குத் தொண்ணூறு போட்டதால் சென்னைக்கு எழுபது போட வேண்டியிருந்தது என்பதுதான் உண்மை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் செருகியிருந்த குத்தூசியை எடுத்தார். மூட்டையைப் பிரிக்காமல், உள்ளே செருகி நாலு நெல்மணியை வெளியே எடுத்துப் பார்க்கிற கூரான இரும்புக் குழாய் அது. பக்கத்திலிருந்த மூட்டையில் ஒரு குத்துக் குத்தி, வந்த நெல்லை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

"மூட்டைய வெளிய நின்னு பாத்து வெல சொல்ல முடியுமா? உள்ள இருந்து நாலு மணி எடுத்தாத்தான் தெரியும். ஒவ்வொரு காலேஜுலயும் படிச்ச ஆள் ஒருத்தரு ஒருத்தரா கூட்டிக்கிட்டு வாங்க. ஒண்ணா ஒக்கார வச்சுப் பாத்துருவோம். நம்ம தோப்புல விருந்து."

யோசித்துப் பார்த்தால், என் கட்டத்தைவிட அது நல்ல யோசனைதான். எனக்கு அன்று அது அவமானமாகப் பட்டது. ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

காசி ஆள் சித்தன்னவாசலுக்குப் போகிற ரோட்டில் இருந்தார். குகையில் சித்திரம் பார்க்க வருகிற துரைமாரின் மோட்டார் போவதற்காக அங்கே ஒரு சிறிய பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை மேற்பார்க்கிற ஓவர்சியர் அவர். காசியில் அவர் படித்தது மின்சார இன்ஜினீயரிங். மின்சாரம் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. வருகிறவரை ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்துகொண்டிருந்தார். குடைநிழலில் உட்கார்ந்து, மார்கழியில் காசியில் செம்புத் தண்ணீர் ஓரத்தில் உறைந்துபோகும் என்ற விஷயத்தை என்னிடம் இரண்டு முறை சொன்னார். சென்னைக் காலேஜ் சார்பில் யார் வருகிறார் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். வருவதாகச் சொல்லிவிட்டார்.

சென்னை ஆள் எங்கள் ஊர் சப்ரிஜிஸ்டிரார். இங்கிலீஷ் இலக்கியத்தில் ஆனர்ஸ். கிரயப் பத்திரம் பதிய வருகிற குடியானவர்களிடம் அவர் முதலில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு அதையே தமிழில், கொஞ்சம் வருத்தத்தோடு சொல்வார். விருந்து என்றதும் இது அரசாங்க சம்பந்தமானதா என்று விசாரித்தார். இல்லை, கல்லூரி சம்பந்தமானது என்றேன். அப்படியானால் தம் கல்லூரியின் பிரதிநிதியாக வருவதில் ஆட்சேபணை இல்லை என்றார். எத்தனை நிமிஷம் பேச வேண்டும் என்றும் கேட்டார்.

சிதம்பரத்து ஆள் அன்னவாசலில் மாமனாருடைய ஜவுளிக்கடையில் கஜக்கோலோடு நின்றார். பொருளாதாரம் படித்தவர். அவரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாகத் தோன்றியது. எங்கே என்பது நினைவுக்கு வரவில்லை. அவரும் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாடிக்கைக்காரி ஒருத்தி முந்தானைக்கரை சரியில்லை என்று சண்டைக்கு வந்ததால் பேச்சு அத்தோடு நின்றது.

வைத்தியக் கல்லூரிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையில் ஒரு டாக்டருக்குக் கார்டு போட்டேன். விருந்தில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் வருவதாகப் பதில் எழுதினார்.

யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்பது அந்த நாளில் எந்தக் காலேஜ் பெரிது என்பதைவிடப் பெரிய கேள்வி. ராவுத்தர் அதை எங்கள் வாயில் வரவிடாமலே தீர்த்துவிட்டார். மாந்தோப்பில் கிழக்கே ஒரு பந்தல், மேற்கே ஒரு பந்தல். கிழக்கே கோயில் தெருவிலிருந்து வந்த சமையல்காரர் சாம்பாரும் பாயசமும் வைத்தார். மேற்கே பிரியாணி. யாரும் யாரையும் எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஓவர்சியர் மட்டும் கிழக்குப் பந்தலில் இலை போட்டு உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, காசியில் நாலு வருஷம் இருந்தவனுக்குத் திக்கெல்லாம் ஒன்று என்று சொல்லிக்கொண்டு மேற்கே போய்விட்டார். ராவுத்தரின் மகன் இரண்டு பந்தலுக்கும் நடையாய் நடந்து உபசரித்தான். மெலிந்த உடம்பு, நல்ல பையன், அதிகம் பேசமாட்டான்.

சாப்பாடு முடிந்து, ஜமக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டும் வந்த பிறகு ராவுத்தர் பேச்சைத் தொடங்கினார். சுற்றி வளைக்கவில்லை. நாலு பேரையும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீங்கள்லாம் பெரிய எடத்துல படிச்சவுங்க. அங்க படிச்சதுல இன்னைக்கும் ஒங்க கையில இருக்கிறது எதுங்க?"

சப்ரிஜிஸ்டிரார் முதலில் பேசினார். தமக்கு அந்தக் கல்லூரி கொடுத்தது ரசனை என்றார். நல்ல வரியையும் கெட்ட வரியையும் பிரித்தறிகிற ரசனை. எடுத்துக்காட்டாக இங்கிலீஷில் ஒரு பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். குரல் நடுங்கியது, தொண்டை அடைத்தது. கிழக்குப் பந்தல் சமையல்காரர் ஏதோ பிரியாணி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, ஓடிவந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

ஓவர்சியர், தமக்கு ஓர் அருவியை மட்டும் காட்டினால் இலுப்பூர் முழுவதற்கும் விளக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னார். ராவுத்தர் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, நம்ம பக்கம் மழையே குறைச்சலாயிற்றே என்றார்.

பொருளாதாரக்காரரிடம் மட்டும் அவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டார். ஆடி பிறந்தால் கடலை என்ன விலைக்கு நிற்கும்? அந்தக் கேள்விக்காகவே அவர் இந்த விருந்தை வைத்தாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பொருளாதாரக்காரர் தேவை என்றார், சரக்கு வரத்து என்றார், யுத்தம் என்றார், ரங்கூன் என்றார். கால் மணி நேரம் பேசி, மற்றவையெல்லாம் மாறாமல் இருந்தால் விலை ஏறும் என்று முடித்தார்.

"மத்ததெல்லாம் மாறாம இருந்தா எனக்கே தெரியுமேங்க" என்றார் ராவுத்தர்.

கடைசியில் என் முறை. பிரெஞ்சுப் புரட்சியை மாதவாரியாக, ஒரு சம்பவம் விடாமல், என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும் என்றேன். இதுவரை யாருக்காவது அப்படிச் சொல்ல வேண்டி வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் சண்டை. யார் தொடங்கியது என்று சொல்ல முடியாது. சென்னைக் கல்லூரியின் கட்டிடத்தைப் பற்றிச் சப்ரிஜிஸ்டிரார் ஏதோ சொல்ல, தாஜ்மகால் கூடத்தான் கட்டிடம், அதில் யாரும் பாடம் நடத்துவதில்லை என்றார் ஓவர்சியர். காசியில் பாஸ் செய்யக் கங்கையில் முழுகினால் போதுமாமே என்று பொருளாதாரக்காரர் கேட்டார். சிதம்பரத்துக் கல்லூரி என்னைவிட வயதில் சின்னது, அதற்கு அதற்குள் என்ன புகழ் என்று நான் கேட்டேன். இங்கிலீஷ் படித்தவனுக்குச் சோறு கிடையாது என்று ஒருவர் சொல்ல, இலையில் நாலு தடவை சோறு வாங்கியவர் அதைச் சொல்லக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். மாமரத்துக் கிளிகள் பறந்தே போய்விட்டன.

நடுவில் ஓவர்சியர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். பையனை இன்ஜினீயரிங் படிக்கவைப்பதுதான் புத்தி, இன்னும் பத்து வருஷத்தில் மூலைக்கு மூலை மின்சாரம் வந்துவிடும், அப்போது ரசனையையும் ரங்கூனையும் யார் கேட்பார்கள் என்றார். நியாயமான பேச்சு. எங்களில் ஒருவருக்கும் மறுக்கத் தெரியவில்லை. ராவுத்தரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓவர்சியர் வெற்றிப் பார்வையோடு பையன் பக்கம் திரும்பி, இண்டர்மீடியட்டில் அவன் எடுத்த குரூப் என்ன என்று கேட்டார்.

"மூணாவது குரூப்புங்க. சரித்திரமும் லாஜிக்கும்."

கணக்கும் விஞ்ஞானமும் எடுக்காதவனை எந்த இன்ஜினீயரிங் காலேஜும் வாசலில் ஏற்றாது. சாப்பாடு முடிந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். இந்த ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. என் பெரிய கட்டத்திலும் அதற்கு இடமில்லை. ஓவர்சியர் வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

எனக்கு உள்ளே ஜிவ்வென்று ஏறியது. சரித்திரம் என்றால் என் கல்லூரிதான். நான் எழுந்து நின்றே பேசினேன் என்று நினைக்கிறேன். சரித்திரத்துக்குத் திருச்சியைப் போல வேறு இடமில்லை, அங்கே ஒழுங்கு உண்டு, தரம் உண்டு, அங்கே தேறி வெளியே வருகிறவன் எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அப்போதுதான் அன்னவாசல் ஜவுளிக்கடைக்காரருக்கு என் முகம் ஞாபகம் வந்தது.

"சார், நீங்க செப்டம்பர்ல தேறினவருதானே? நான் மொத ரெண்டு வருசம் அங்கதான் இண்டர் படிச்சேன். ரிசல்ட்டு அன்னைக்கு போர்டுக்கு முன்னாடி நின்னு நம்பரைத் தேடிக்கிட்டே இருந்தீங்க. எல்லாரும் போனதுக்கப்பறமும் நின்னீங்க."

செப்டம்பர் என்றால், மார்ச்சில் போனவர்கள் மறுபடி எழுதுகிற பரீட்சை. கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. ஞாபகம் வந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. ஊரில் நான் வாங்கிய கும்பிடுகளெல்லாம் எழுந்து ஒவ்வொன்றாகப் போவது மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் மாம்பழத் தோல் கிடந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

ராவுத்தர் சிரிக்கவில்லை. அந்தப் பார்வையோடு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டாவது தடவை எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை. இங்கிலீஷில்தான் போயிற்று. கீரனூரில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தேன். பிறகு தினமும் விடிந்ததும் ஊருக்கு வெளியே குளக்கரைக்குப் போய், சத்தம் போட்டு இங்கிலீஷ் வாசித்தேன். எருமை மேய்க்கிறவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டதென்று எங்கள் அம்மாவிடம் வந்து சொன்னார்கள். அம்மா வேப்பிலை அடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் அடித்த நாளுக்கு மறுநாளும் குளக்கரைக்குப் போனேன். இதைச் சொன்னபோது ஓவர்சியர் சிரித்தார். அவரோடு நானும் சிரித்துவிட்டேன். அன்று அந்தத் தோப்பில் நான் சொன்னதிலேயே எல்லாரும் காது கொடுத்துக் கேட்டது அது ஒன்றுதான்.

பையன் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவன் தானாக வாய் திறந்தது அப்போதுதான்.

"எத்தனை மார்க்குல சார் போச்சு?"

நாலு மார்க் என்றேன். நாலு என்றால் பரவாயில்லை சார் என்று ஆறுதல் சொல்வது போலச் சொன்னான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என் துக்கத்தில் இருந்தேன்.

விருந்து முடிந்து போகும்போது ராவுத்தர் எந்தக் காலேஜ் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நாலு பேருக்கும் ஆளுக்கொரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். என் கூடையில் மட்டும் பழம் கொஞ்சம் கூடுதலாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அனுதாபத்துக்கா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன்.

சில நாள் கழித்து, இண்டர்மீடியட் ரிசல்ட் போட்ட பேப்பர் மதியத் தபாலில் வந்தது. சப்ரிஜிஸ்டிரார்தான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டிக்கே வந்தார். நானும் பள்ளிக்கூடம் லீவானதால் அங்கே இருந்தேன். பொடி எழுத்தில் நம்பர் நம்பராக ஒரு பக்கம் முழுவதும். சப்ரிஜிஸ்டிரார் ரூல்தடியை வரிக்கு வரி வைத்து இறங்கினார். முதல் வகுப்பில் இல்லை. இரண்டாம் வகுப்பில் இல்லை. மூன்றாம் வகுப்பில், பையனுடைய நம்பருக்கு முந்தினது இருந்தது, பிந்தினது இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ரூல்தடியை வைத்தார். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, அச்சுப்பிழையாக இருக்கலாம், சென்னைப் பேப்பர்களிலேயே இப்போதெல்லாம் பிழை மலிந்துவிட்டது என்றார்.

"அச்சுப்பிழை இல்லீங்க சார்" என்றான் பையன். "இங்கிலீஷ்ல ரெண்டாவது பேப்பர் நான் பாதிதான் எழுதுனேன். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவனுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, இனி ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மண்டியில் கணக்குப்பிள்ளை எழுதுவதை நிறுத்தினார். மூட்டை தூக்குகிறவர்கள் சும்மா நின்றார்கள். எதற்காக விருந்து வைத்தோம், எதற்காகக் காசிக்கும் சென்னைக்கும் சண்டை போட்டோம் என்று எல்லாருக்கும் நினைப்பு ஓடியிருக்கும். ராவுத்தர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பையனைத் திட்டவில்லை. முன்பே ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். நீங்கள் ஆசையாகக் கேட்டுக்கொண்டு இருந்தீர்கள் அத்தா என்றான் அவன். ராவுத்தர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"செப்டம்பருக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்குங்க வாத்தியாரே?"

அப்படித்தான் எங்கள் நாலு பேருக்கும் வேலை வந்தது. பையனைக் காலேஜுக்கு அனுப்ப முடியாவிட்டால் என்ன, நாலு காலேஜும் இங்கேதானே இருக்கிறது என்று ராவுத்தர் சொல்லியனுப்பினார். மாலை வேளையில் மண்டிக்குப் பின்னால் இருந்த அறையில் முறை வைத்துப் பாடம். சப்ரிஜிஸ்டிரார் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தார். பையனுடைய இங்கிலீஷைப் படித்துவிட்டு அவர் நெற்றியைப் பிடித்துக்கொள்வது ஜன்னல் வழியாகத் தெரியும். நான் இலக்கணம் பார்த்தேன், கூடவே சத்தம் போட்டு வாசிக்கவும் வைத்தேன். ஓவர்சியருக்கு இங்கிலீஷில் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் பாலத்து வேலை முடிந்ததும் வந்துவிடுவார். மேற்குப் பந்தலில் சமைத்தவர் யார் என்று விசாரித்துவிட்டு, பையனுடைய கையெழுத்தைத் திருத்துவதாகச் சொல்லி உட்கார்ந்துகொள்வார். கோடு நேராகப் போக வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பு.

பெரிய உதவி செய்தது அன்னவாசல்காரர்தான். பழைய கேள்வித்தாள்களை எங்கிருந்தோ திரட்டிக்கொண்டு வந்து, எந்தத் தலைப்பு அதிகம் வந்துவிட்டது, எதற்குப் பஞ்சம், எது இந்தத் தடவை கட்டாயம் வரும் என்று சொன்னார். அவர் சொன்ன கட்டுரை அப்படியே வந்தது. அவருடைய பொருளாதாரம் பலித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடலை விலை ஆடியில் இறங்கித்தான் போயிற்று.

இதற்கிடையில், சித்திரையில் நான் எழுதிப்போட்ட கடிதங்களுக்கெல்லாம் கல்லூரிகளிலிருந்து பாடமும் விதிகளும் அச்சிட்ட தடித்தடியான காலண்டர் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. வந்ததை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியுமா? ராவுத்தர் எல்லாவற்றையும் அடுக்கி வைக்கச் சொன்னார். மத்தியான வேளையில் கணக்குப்பிள்ளை அவற்றில் இரண்டைத் தலைக்கு வைத்துப் படுப்பார். சென்னைதான் உயரம் சரியாக இருக்கிறது என்பது அவர் அபிப்பிராயம்.

பையன் செப்டம்பரில் தேறினான். மார்க் அதிகம் இல்லை, தேறினான், அவ்வளவுதான். அடுத்த ஆனியில் அவனே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினான். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. சிதம்பரத்தில் இடம் கிடைத்தது. அன்னவாசல்காரர் ஒரு மாதம் தலை கால் புரியாமல் நடந்தார். பிறகுதான் தெரிந்தது, பையன் எடுத்த பாடம் பொருளாதாரம் இல்லை, தத்துவம். ஏன் அதை எடுத்தாய் என்று நான் கேட்டதற்கு அவன் சொன்னான்:

"நீங்க நாலு பேரும் அன்னைக்கு எல்லாப் படிப்பையும் திட்டிக்கிட்டீங்க சார். இத மட்டும் யாருமே திட்டல."

ராவுத்தர் ஒரு நாள் என்னை நிறுத்தி, தத்துவம் படித்தால் என்ன ஆகலாம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது என்று நான் இலுப்பூரில் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் கோபப்படவில்லை. ஹாஸ்டலில் மூன்று வேளையும் சாப்பாடு நன்றாக இருக்கிறதாம், பையன் சதை போட்டிருக்கிறானாம், கடிதம் எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் பட்டம் வாங்கித் திரும்பி வந்து மண்டியில்தான் உட்கார்ந்தான். சரக்கு வாங்க வருகிறவர்கள் எவ்வளவு கோபமாகக் கத்தினாலும் அவனுக்குச் சிரிப்புத்தான் வருகிறதாம். எதிராளிக்குக் கத்தத் தெம்பில்லாமல் போய்விடுகிறதாம். படிப்பின் பலன் அதுதானா என்று அவன் அப்பா என்னிடம் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

பையன் சிதம்பரத்தில் இருந்த நாளிலேயே சப்ரிஜிஸ்டிராருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவரை வழியனுப்ப நான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிருந்தேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்பக்கம் பெரிய கரியடுப்பு ஒன்றைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் கொடுத்ததும், அவர் சட்டென்று வெளியே தலையை நீட்டி என் காதருகில் சொன்னார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் ஆனர்ஸ் தேர்டு கிளாஸ்தான். இங்க யாருகிட்டயும் சொன்னதில்ல."

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தார். சொல்லிவிட்டு உடனே போய்விடலாம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் பஸ் கிளம்பவில்லை. அடுப்பு அணைந்துவிட்டது என்று கண்டக்டர் இறங்கிப் போய்த் துருத்தியின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். அரைமணி நேரம் சுற்றினான். போகவும் முடியாமல், நின்று பேசவும் தெரியாமல் நான் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். போகிற ஊரில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். உப்பு என்றார். வீடு கிடைத்ததா என்றேன். கிடைத்தது என்றார். கரிப்புகை என் வெள்ளைச் சட்டையில் படிந்துகொண்டிருந்தது. கடைசியில் என்ஜின் இருமிக்கொண்டு உயிர் பெற்றபோது அவர் மறுபடியும் தலையை நீட்டினார்.

"ஆனர்ஸ்ல தேர்டு கிளாஸுன்னா அது அவ்வளவு மோசம் இல்ல. தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். பஸ் போய்விட்டது.